பிரேக்கைத்தான் மிதித்தேன்

புதுக் கார் வீட்டுக்கு வருவதற்கு முன் கோயிலுக்குப் போகும். கண்ணாடியில் சந்தனம், குங்குமம், முன்னால் ஒரு மாலை, நான்கு சக்கரத்துக்கும் அடியில் ஒவ்வோர் எலுமிச்சம்பழம். வாங்கியவர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து வண்டியை ஓரடி முன்னே நகர்த்தி அவற்றை நசுக்க வேண்டும். சுற்றிலும் குடும்பம் நிற்கும். முன்னால் அர்ச்சகர் நிற்பார். பிள்ளைகள் போனில் வீடியோ எடுப்பார்கள். 2025 செப்டம்பரில் டெல்லியில், ஒரு ஷோரூமின் முதல் மாடியில் இதே சடங்கு நடந்தது. கார் ஓரடியோடு நிற்கவில்லை. கண்ணாடிச் சுவரை உடைத்துக்கொண்டு கீழே சாலையில் விழுந்தது. காற்றுப்பைகள் விரிந்தன. உள்ளே இருந்தவர்கள் உயிர் தப்பினார்கள்.

இதுபோன்ற செய்திகளை நாம் அடிக்கடி படிக்கிறோம். பார்க்கிங்கிலிருந்து எடுத்த கார் எதிரே இருந்த கடைக்குள் புகுந்தது, ரிவர்ஸ் எடுத்த கார் காம்பவுண்டுச் சுவரை இடித்தது. இவற்றில் ஓட்டியவர் சொல்வது பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான்: "நான் பிரேக்கைத்தான் மிதிச்சேன். மிதிக்க மிதிக்க வண்டி பாய்ஞ்சுது."

கேட்பவர்கள் இரண்டாகப் பிரிவார்கள். வண்டியில் ஏதோ கோளாறு என்பார்கள் ஒரு சாரார். தப்பை மறைக்கப் பொய் சொல்கிறார் என்பார்கள் மறு சாரார். நாற்பது ஆண்டு ஆய்வுகள் பெரும்பாலான சம்பவங்களுக்கு மூன்றாவது விடை ஒன்றைத் தருகின்றன. வண்டி சரியாகவே இருந்தது. ஓட்டியவரும் பொய் சொல்லவில்லை. அவர் பிரேக்கை மிதிக்க நினைத்தார், மிதித்ததாகவே உணர்ந்தார். ஆனால் கால் இருந்தது ஆக்சிலேட்டர் மேல். இது எப்படிச் சாத்தியம், அதிலும் புதிய காரில் ஏன் இதற்கு வாய்ப்பு அதிகம் என்பதைப் புரிந்துகொண்டால், கார் வந்த முதல் வாரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாகும்.

கார் ஓட்டும்போது நம் கண் சாலையில் இருக்கிறது. கால் எங்கே போகிறது என்று நாம் பார்ப்பதில்லை, பார்க்கவும் கூடாது. ஆனாலும் கால் சரியான பெடலைத் தேடிப் போகிறது. தசைகளிலும் தசைநாண்களிலும் மூட்டுகளிலும் உள்ள நுண்ணிய உணரிகள், முழங்கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது, பாதம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்ற தகவலை ஓயாமல் மூளைக்கு அனுப்புகின்றன. கண்ணை மூடிக்கொண்டு மூக்கு நுனியைத் தொட முடிவது இதனால்தான். இதை உறுப்பிட உணர்வு என்று அழைக்கலாம். ஆனால் இந்த உணர்வுக்குத் தெரிந்தது உடம்பு மட்டுமே. பிரேக் பெடல் எங்கே இருக்கிறது என்பது அதற்குத் தானாகத் தெரியாது. 'இருக்கையில் இப்படி உட்கார்ந்திருக்கும்போது, காலை இவ்வளவு தூக்கி, இவ்வளவு இடப்பக்கம் நகர்த்தினால் பிரேக்' என்ற கணக்கை மூளை பழகிப் பழகித்தான் எழுதிக்கொள்கிறது. பல ஆண்டு இருந்த வீட்டில் நள்ளிரவில் எழுந்தாலும் கை நேராக சுவிட்சைத் தொடும். வாடகை வீடு மாறிய முதல் வாரத்தில் அதே கை, பழைய வீட்டில் சுவிட்ச் இருந்த உயரத்துக்குப் போய் வெறுஞ்சுவரைத் தடவும். கார் மாறினாலும் நடப்பது இதுவே.

ஒவ்வொரு காரிலும் பெடல்களின் அமைப்பு கொஞ்சம் வேறுபடும். பிரேக் பெடல் ஆக்சிலேட்டரைவிட உயரமாக இருக்கும். எவ்வளவு உயரம் என்பது மாடலுக்கு மாடல் மாறும். இரண்டுக்கும் இடையே பக்கவாட்டில் உள்ள இடைவெளி சில சென்டிமீட்டர்தான், அதுவும் மாறும். சில சிறிய கார்களில் முன்சக்கரத்தின் கூடு உள்ளே துருத்திக்கொண்டிருப்பதால், பெடல்கள் மொத்தமும் சற்று இடப்பக்கம் தள்ளி இருக்கும். ஸ்டியரிங்குக்கு நேராக உட்கார்ந்திருப்பவரின் கால் சாய்வாக நீள வேண்டியிருக்கும். பழைய காரில் பிரேக் இருந்த இடத்தில், புதிய காரில் ஆக்சிலேட்டரின் இடது விளிம்பு இருக்கக்கூடும். நிதானமாக ஓட்டும்போது இது தொல்லை தராது. கால் பெடலைத் தொடும், தொடு உணர்வு சொல்லும், கால் தன்னைத் திருத்திக்கொள்ளும். சிக்கல் அவசரத்தில்தான்.

அவசரத்தில் ஏன் கணக்கு தப்புகிறது? இந்தக் கேள்விக்கான முதல் சோதனை, கார்கள் பரவுவதற்கு முன்பே நடந்துவிட்டது. அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் உட்வொர்த் 1899இல் வெளியிட்ட ஆய்வில், சிலரைப் பென்சிலால் ஒரே நீளத்தில் திரும்பத் திரும்பக் கோடு போடச் சொன்னார். வேகத்தைத் தாளக் கருவி ஒன்று நிர்ணயித்தது. வேகம் கூடக் கூடப் பிழையும் கூடியது. இது எதிர்பார்த்ததுதான். இன்னொரு முடிவுதான் முக்கியம். மெதுவாகக் கோடு போட்டபோது, கண் திறந்திருந்தவர்களின் கோடு கண் மூடியவர்களின் கோட்டைவிடத் துல்லியமாக இருந்தது. மிக வேகமாகப் போட்டபோது கண் திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் பிழை ஏறக்குறைய ஒன்றுதான். அதாவது வேகமான அசைவு கிளம்பிவிட்டால், நடுவழியில் அதைத் திருத்த நேரம் கிடையாது. கிளம்புவதற்கு முன் மூளை போட்ட திட்டம் அப்படியே நிறைவேறும்.

இந்த இடத்திலிருந்து மேலே கொண்டுபோனவர் கலிஃபோர்னியாவில் பணியாற்றிய ரிச்சர்ட் ஷ்மிட். உடல் அசைவுகளை ஆராய்வதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவர். 1979இல் அவரும் சக ஆய்வாளர்களும் காட்டியது இது: ஒரே இலக்கை நோக்கி ஒரே ஆள் பலமுறை வேகமாகக் கையை நீட்டினால், கை ஒவ்வொரு முறையும் ஒரே புள்ளியில் போய் விழாது. இலக்கைச் சுற்றிச் சிதறி விழும். வேகமும் விசையும் கூடினால் சிதறலும் அகலும். தசைகளுக்குப் போகும் கட்டளையிலேயே இருக்கும் சிறு ஏற்ற இறக்கம்தான் காரணம். பயிற்சியால் அதைக் குறைக்கலாம், ஒழிக்க முடியாது. 1989இல் அவர் இதைக் கார் பெடலுக்குப் பொருத்தி ஒரு கட்டுரை எழுதினார். பிரேக்கைக் குறிவைத்து ஆயிரக்கணக்கான முறை கால் போகிறது. ஏறக்குறைய எல்லா முறையும் பிரேக்கில்தான் விழுகிறது. சிதறலின் ஓரத்தில் என்றோ ஒருமுறை, உடம்பு கோணலாக இருக்கும் நேரத்தில், அது சில சென்டிமீட்டர் வலப்பக்கம் விழுந்துவிடுகிறது.

உடம்பு கோணலாகும் நேரங்கள் எவை என்று யோசித்துப் பாருங்கள். ரிவர்ஸ் எடுக்கத் திரும்பிப் பார்க்கிறோம், இடுப்பும் தொடையும் சேர்ந்து திரும்புகின்றன. மாலில் பார்க்கிங் சீட்டு எடுக்க ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டுகிறோம், உடம்பு வலப்பக்கம் சாய்கிறது. சீட் பெல்ட்டை இழுக்கிறோம். இவையெல்லாம் வண்டி நிற்கும்போதும் ஊரும்போதும் செய்கிற வேலைகள். இத்தகைய விபத்துகள் நெடுஞ்சாலையைவிடப் பார்க்கிங் இடங்களில் மிகுதியாக நடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, கால் தவறி விழுந்தது. வண்டி பாய்ந்ததும் காலை எடுக்க வேண்டியதுதானே? இங்கேதான் விஷயத்தின் ஆழம் இருக்கிறது. 'ஆக்சிலேட்டரை மிதிப்போம்' என்று முடிவு செய்து மிதித்திருந்தால், அந்த முடிவு தவறு என்று மூளை உடனே கண்டுபிடித்துவிடும். ஆனால் முடிவு சரியானது: பிரேக்கை மிதி. கட்டளையும் சரியானது. கட்டளை நிறைவேறிய இடம் மட்டும் தவறு. இதை நழுவல் என்கிறோம். மூளையின் பதிவேட்டில் 'பிரேக் மிதித்தாயிற்று' என்று இருக்கிறது. காலடியில் ஒரு பெடல் அழுந்துவதும் தெரிகிறது. எல்லாம் பொருந்துகிறது. வண்டி மட்டும் பாய்கிறது. அப்படியானால் பிரேக் பிடிக்கவில்லை என்றுதானே பொருள்? பிரேக் பிடிக்காவிட்டால் என்ன செய்வோம்? இன்னும் அழுத்துவோம். அழுத்த அழுத்த வேகம் கூடும், கூடக் கூட அழுத்துவோம். விளைவே காரணத்தை வளர்க்கும் இந்தச் சுழலை நேர்மறைப் பின்னூட்டம் என்பார்கள்.

இதற்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பார்க்கலாம். நடுத்தரமான முடுக்கத்தில்கூட, நின்றிருந்த கார் இரண்டு விநாடியில் ஆறு மீட்டர் போய்விடும். மூன்று விநாடியில் பதின்மூன்று மீட்டர் தாண்டி, மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் வந்துவிடும். கோயில் வாசலிலோ அடுக்குமாடி வீட்டின் பார்க்கிங்கிலோ எதிர்ச் சுவர் அவ்வளவு தூரத்தில் இருப்பதில்லை.

இதெல்லாம் நிபுணர்கள் கட்டிய கதை, உண்மையில் வண்டிக்குள் இருக்கும் மின்னணுக் கருவிதான் தானாக எஞ்சினை முடுக்கியிருக்கும் என்று சந்தேகிப்பது நியாயமே. அந்தச் சந்தேகம் பெரிய அளவில் சோதிக்கப்பட்டும் இருக்கிறது. 1980களில் அமெரிக்காவில் அவுடி 5000 என்ற ஆட்டோமேட்டிக் கார் மீது புகார்கள் குவிந்தன. நிறுத்தி வைத்த காரில் ஏறி, பிரேக்கில் கால் வைத்து கியர் போட்டதும், அது ராக்கெட் வேகத்தில் கிளம்பியது என்றார்கள். உயிர்கள் போயின. 1986 நவம்பர் 23 அன்று சிபிஎஸ் தொலைக்காட்சியின் புகழ்பெற்ற '60 மினிட்ஸ்' நிகழ்ச்சி இதை ஒளிபரப்பியது. ஆக்சிலேட்டர் பெடல் தானாகக் கீழே போகும் காட்சியையும் காட்டியது. அந்தக் காரின் கியர் பெட்டியில் துளையிட்டுக் காற்றழுத்தம் செலுத்தித்தான் அந்தக் காட்சி எடுக்கப்பட்டது என்பது பிற்பாடு தெரியவந்தது. 1985இல் அமெரிக்காவில் 74,000க்கு மேல் விற்ற அவுடி, 1991இல் 12,000 சொச்சத்துக்கு இறங்கியது.

அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் மாசசூசெட்ஸில் உள்ள ஓர் ஆய்வு மையத்திடம் இதை ஒப்படைத்தது. 1989 ஜனவரியில் அறிக்கை வந்தது. அவர்களுடைய தர்க்கத்தைப் படிப்படியாகப் பின்தொடர்வது நல்ல பயிற்சி. ஓட்டுநர் சொல்வது உண்மையாக இருக்க வேண்டுமானால், எஞ்சினுக்கு எரிபொருள்-காற்று தரும் கதவு தானாக முழுதும் திறக்க வேண்டும். அதே விநாடியில் பிரேக்கும் செயலிழக்க வேண்டும். இரண்டும் தனித்தனி அமைப்புகள், ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை. விபத்துக்குப் பிறகு சோதித்தால் இரண்டும் பழுதின்றி வேலை செய்கின்றன. ஆக, இரண்டு கோளாறுகள் ஒரே கணத்தில் தோன்றி, ஒரே கணத்தில் தடமின்றி மறைய வேண்டும்.

எஞ்சின் முழு வேகத்தில் இழுத்தால் பிரேக் தோற்றுவிடாதா? இதுவும் சோதிக்கக்கூடியதே. 'கார் அண்ட் டிரைவர்' பத்திரிகை 2009இல் 268 குதிரைத்திறன் கொண்ட டொயோட்டா கேம்ரியை மணிக்கு சுமார் 113 கிலோமீட்டரில் ஓட்டி, ஆக்சிலேட்டரை முழுதும் அழுத்தியபடியே பிரேக் போட்டுப் பார்த்தது. கார் 58 மீட்டரில் நின்றது. ஆக்சிலேட்டரை விட்டுவிட்டுப் பிரேக் போட்டால் 53 மீட்டர். வித்தியாசம் ஐந்தே மீட்டர். நல்ல நிலையில் உள்ள பிரேக், அதே காரின் எஞ்சினைவிடப் பலசாலி. நின்ற நிலையிலிருந்து கிளம்பும் காரில் பிரேக் உண்மையிலேயே மிதிபட்டிருந்தால், கார் அந்த இடத்தைவிட்டு நகர்ந்திருக்கவே முடியாது.

இன்னொரு சான்று எனக்கு இதைவிட வலுவாகப் படுகிறது. 1987இல் அவுடி தன் கார்களைத் திரும்ப அழைத்து ஒரு பூட்டைப் பொருத்தியது. பிரேக்கை மிதித்தால்தான் கியர் 'பி'யை (பார்க்) விட்டு நகரும், அவ்வளவுதான். எஞ்சினையோ மின்னணுவையோ அந்தப் பூட்டு தொடவில்லை. ஆனாலும் புகார்கள் வெகுவாகக் குறைந்தன. கோளாறு எஞ்சினில் இருந்திருந்தால், கால் எந்தப் பெடலில் இருக்கிறது என்பதை மட்டும் உறுதிசெய்யும் பூட்டு அதைக் குறைத்திருக்காது. இன்று நீங்கள் வாங்கும் ஆட்டோமேட்டிக் கார்களில் பெரும்பாலும் இந்தப் பூட்டோ இதுபோன்ற ஒன்றோ இருக்கும். "சார், பிரேக்கை மிதிச்சுக்கிட்டே ஸ்டார்ட் பட்டனை அழுத்துங்க" என்று டெலிவரி கொடுப்பவர் சொல்வதற்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது.

அவுடி தரப்பில் குறையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. சில கார்களில், வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாகம் அவ்வப்போது சிறிதாகத் துள்ளியது. அந்தத் துள்ளல் வண்டியை வெகுதூரம் இழுத்துப்போகாது. ஆனால் ஓட்டுபவரைத் திடுக்கிட வைக்கும், திடுக்கிட்ட கால் வேகமாகப் பாயும். பெடல்கள் அமைந்த விதமும் தவறுக்கு இடம் கொடுத்தது. மனிதப் பிழை என்று சொல்லிவிட்டால் இயந்திரத்தை வடிவமைத்தவர்களின் பொறுப்பு தீர்ந்துவிடாது.

பின்னாளில் வண்டிகளுக்குள்ளேயே சாட்சி வந்துவிட்டது. காற்றுப்பையைக் கட்டுப்படுத்தும் பெட்டி, விபத்துக்கு முந்தைய சில விநாடிகளில் வேகம், ஆக்சிலேட்டர், பிரேக் ஆகியவற்றின் நிலையைப் பதிந்து வைக்கும். 2010இல் டொயோட்டா கார்கள் மீது இதே புகார் எழுந்தபோது, 58 கார்களின் பதிவுகள் எடுத்துப் பார்க்கப்பட்டன. 35 கார்களில் பிரேக் மிதிபட்டதாகப் பதிவே இல்லை. நாசா பொறியாளர்களும் பல மாதம் ஆராய்ந்தார்கள். மின்னணுக் கோளாறுதான் காரணம் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என்று 2011 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது.

எல்லாவற்றையும்விட நேரடியான சாட்சி தென்கொரியாவிலிருந்து வந்தது. 2023 நவம்பரில் சியோலில் ஒரு மின்சார டாக்ஸி சந்திலிருந்து திரும்பி வேகமெடுத்துச் சுவரில் மோதியது. பிரேக்கைத்தான் மிதித்தேன், பிடிக்கவில்லை என்றார் அறுபது வயது கடந்த ஓட்டுநர். அந்த டாக்ஸியில் பெடல்களைப் பார்த்தபடி ஒரு கேமராவும் இருந்தது. படத்தில் தெரிவது இது: வலது கால் ஆக்சிலேட்டரை மிதிக்கிறது, எடுக்கிறது, மறுபடி மிதிக்கிறது. இப்படி ஆறு முறை. ஏழாவது முறை மிதித்த கால், மோதும் வரை எழவே இல்லை. கார் ஓடியது 119 மீட்டர், ஏறக்குறைய எட்டு விநாடி. பிரேக்கைக் கால் ஒருமுறைகூடத் தொடவில்லை. ஆக்சிலேட்டரை வேண்டுமென்றே மிதிப்பவர் யாரும் இப்படி விட்டு விட்டு மிதிப்பதில்லை. பிடிக்காத பிரேக்கை மிதிப்பவரின் கால் அசைவு அது. ஓட்டுநர் சொன்னது அவர் மனதில் நடந்தது, கேமரா காட்டியது காலடியில் நடந்தது. இரண்டும் உண்மை.

இப்போது புதிய காருக்கு வருவோம். 1970களிலேயே அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் பெரல், காவல்துறை விபத்து அறிக்கைகளில் ஓட்டுநர்கள் சொன்ன விவரங்களை வாசித்தார். பெடல் தவறிய சம்பவங்களில், அந்தக் காரோடு அதிகம் பழகாதவர்கள் தங்கள் விகிதத்தைவிடக் கூடுதலாக இருந்தார்கள். பார்க்கிங் இடங்களில் பிறர் காரை எடுத்து நிறுத்தும் பணியாளர்களும், கார் கழுவும் இடங்களில் வேலை செய்பவர்களும் இந்தப் பட்டியலில் இடம்பெறுவதை ஷ்மிட்டும் கவனித்தார். பின்னர் வட கரோலைனாவின் விபத்து அறிக்கைகளைக் கொண்டு 2012இல் வெளியான ஆய்வில், வயதில் மிக இளையவர்களும் மிக மூத்தவர்களும் இந்தப் பிழையில் முன்னிற்பது தெரிந்தது. இளையவர்களுக்கு எந்தக் காரும் புதிது. மூத்தவர்களுக்குப் பழைய பழக்கத்தை அழித்து எழுதுவது கடினம்.

நம் ஊரில் இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. 2014இல் மாருதி செலெரியோவோடு, தானாக மாறும் ஏஎம்டி கியர் வந்த பிறகு, குறைந்த விலைக் கார்களிலும் கிளட்ச் பெடல் இல்லாத ஓட்டம் பரவிவிட்டது. இருபது, முப்பது ஆண்டு மேனுவல் ஓட்டியவர்கள் இப்போது ஆட்டோமேட்டிக்குக்கு மாறுகிறார்கள். மேனுவல் காரில் ஆபத்து என்றால் இரண்டு காலும் சேர்ந்து பாயும், இடது கால் கிளட்சுக்கு, வலது கால் பிரேக்குக்கு. வலது கால் தவறி ஆக்சிலேட்டரில் விழுந்தாலும், இடது கால் கிளட்சை அழுத்தியிருப்பதால் எஞ்சின் உறுமுமே தவிர வண்டி பாயாது. கிளட்ச் பெடல் கியரை மாற்ற மட்டும் உதவிய பாகம் அல்ல, நமக்குத் தெரியாமலே நம்மைக் காத்துவந்த இரண்டாவது அரண். ஆட்டோமேட்டிக்கில் அந்த அரண் இல்லை. இடது காலுக்கு வேலையே இல்லாததால், பழக்கத்தில் அது கிளட்சைத் தேடிப் போய் அகலமான பிரேக் பெடலை ஓங்கி மிதித்துவிடும். வண்டி திடீரென்று நின்று பின்னால் வருபவர் மோதலாம். அதனால் முதல் நாளிலிருந்தே இடது காலை ஓரத்தில் உள்ள கால்தாங்கியில் வைத்துப் பழக வேண்டும். இன்னொன்று, பெரும்பாலான ஆட்டோமேட்டிக் கார்கள் பிரேக்கை விட்டாலே தானாக ஊரும். எலுமிச்சம்பழத்தை நசுக்க ஆக்சிலேட்டரைத் தொடவே தேவையில்லை. பிரேக்கிலிருந்து காலை மெல்லத் தளர்த்தினால் போதும். இதைத் தெரியாதவர் மேனுவல் பழக்கத்தில் ஆக்சிலேட்டரைத் தட்டுகிறார். வண்டி நினைத்ததைவிடக் கூடுதலாகத் துள்ளுகிறது, கால் பதறுகிறது. டெலிவரி நாளில் இதை ஐந்து நிமிடம் காட்டிக்கொடுப்பது கண்டிப்பாக நடக்க வேண்டும் என்பேன். ஷோரூம்களில் ப்ளூடூத் இணைப்பதற்கு ஒதுக்கும் நேரத்தைப் பெடலுக்கும் ஒதுக்க வேண்டும்.

பழகாத காரில் கால் மட்டுமே தடுமாறும் என்பதில்லை. 2009 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் சான் டியேகோ அருகே நடந்ததை இந்தத் துறையில் யாரும் மறக்கவில்லை. நெடுஞ்சாலைக் காவல் அதிகாரி ஒருவர் தன் கார் சர்வீஸில் இருந்ததால், டீலர் தற்காலிகமாகக் கொடுத்த லெக்ஸஸ் இஎஸ் 350இல் குடும்பத்தோடு போய்க்கொண்டிருந்தார். அந்தக் காரில் வேறொரு மாடலுக்கான ரப்பர் மிதியடி போடப்பட்டிருந்தது. அதன் விளிம்பு ஆக்சிலேட்டர் பெடலைக் கீழே பிடித்துக்கொண்டது. இங்கே ஓட்டுநரின் கால் தவறவில்லை, பெடல் உண்மையிலேயே சிக்கிக்கொண்டது. எஞ்சினை அணைக்க ஸ்டார்ட் பட்டனைத் தட்டினால் போதாது, மூன்று விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். சொந்தக் காராக இருந்திருந்தால் அவருக்கு அது தெரிந்திருக்கக்கூடும். காரில் இருந்த நால்வரும் இறந்தார்கள். தொழில்முறையாக வண்டி ஓட்டத் தெரிந்தவருக்கே, அந்தக் குறிப்பிட்ட காரைத் தெரியாததால் வழி இல்லாமல் போயிற்று. இதைப் படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

பெடல் சிக்கிக்கொண்டால் செய்ய வேண்டியது தெளிவானது. பிரேக்கை ஒரே அழுத்தாக, முழு பலத்தோடு அழுத்திப் பிடிக்க வேண்டும். விட்டு விட்டு மிதிக்கக் கூடாது. பெரும்பாலான பெட்ரோல் கார்களில் நம் கால் பலத்தைப் பெருக்கிக் கொடுப்பது எஞ்சின் உருவாக்கும் வெற்றிடம். ஆக்சிலேட்டர் முழுதும் திறந்திருக்கும்போது அந்த வெற்றிடம் புதிதாக உருவாகாது. சேமிப்பில் இருப்பது இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும், பெடல் கல்லாகிவிடும். அழுத்திப் பிடித்தபடியே கியரை 'என்'னுக்கு (நியூட்ரல்) தள்ள வேண்டும். எஞ்சின் கத்தட்டும், சக்கரங்களுக்கு விசை போகாது. வண்டி நின்ற பிறகு அணைக்கலாம்.

ஆகவே புதிய கார் வந்ததும் சாவியைத் திருப்புவதற்கு முன் சில வேலைகள் இருக்கின்றன. எஞ்சின் ஓடாமல் இருக்கும்போதே இருக்கையைச் சரிசெய்யுங்கள். பிரேக் பெடலை அடிவரை அழுத்தினாலும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். கால் முழுதும் நீண்டுவிட்டால் அழுத்த பலம் இருக்காது. பிறகு குதிகாலைப் பிரேக்கின் நேர் கீழே தரையில் ஊன்றி, பாதத்தைத் திருப்பி ஆக்சிலேட்டரைத் தொடுங்கள், திரும்பப் பிரேக்குக்கு வாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு இப்படிக் குதிகால் நகராமல் ஓட்ட முடியும். அப்போது இயல்பான நேர்நிலை பிரேக்காகவும், திருப்பிய நிலை ஆக்சிலேட்டராகவும் உடம்பில் பதியும். உயரம் குறைந்தவர்களுக்குக் குதிகால் தரையில் எட்டாமல் போகலாம். அவர்கள் இருக்கை உயரத்தையும் தூரத்தையும் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும், முடியாவிட்டால் அந்தக் கார் தமக்குப் பொருந்துகிறதா என்பதையே யோசிக்க வேண்டும். வாங்குவதற்கு முன் டெஸ்ட் டிரைவிலேயே இதைப் பார்த்துவிடுவது நல்லது. மிதியடி ஒன்றே ஒன்று, கொக்கியில் மாட்டி. துணி மிதியடியின் மேல் இலவசமாகக் கிடைத்த ரப்பர் மிதியடியை அடுக்கக் கூடாது. ஹவாய் செருப்பின் நுனி பெடலுக்கு அடியில் மடங்கிச் சிக்கும். தண்ணீர் பாட்டில் காலடியில் உருளக் கூடாது.

அடுத்து, ஆளில்லாத ஒரு மைதானம். மெதுவாக ஊர விட்டு, பிரேக்கை மெல்ல, நடுத்தரமாக, கடைசியாக ஓங்கி மிதித்துப் பாருங்கள். ஓங்கி மிதித்தால் பெடல் காலுக்கடியில் படபடவென்று அதிரலாம். அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்வதன் அறிகுறி, பயந்து காலை எடுக்கக் கூடாது. திரும்பிப் பார்த்து ரிவர்ஸ் எடுத்து, அந்தக் கோணலான உட்காரலிலேயே பிரேக் போட்டுப் பழகுங்கள். கால் தன் கணக்கைக் கற்றுக்கொள்வது இந்தத் திரும்பத் திரும்பச் செய்யும் நிதானமான அசைவுகளில்தான். கூட்டத்துக்கு நடுவே, வீடியோவுக்கு முன்னால் அல்ல. பூஜை முதலில், பழக்கம் பிறகு என்றிருப்பதை மாற்றி வைத்தாலும் பூஜைக்கு ஒரு குறையும் வராது. சடங்கின்போது வண்டிக்கு முன்னும் பின்னும் யாரும் நிற்காமல் பக்கவாட்டில் நிற்கச் சொல்வது அதைவிட எளிது.

எல்லாம் செய்தும் ஒருநாள் வண்டி எதிர்பாராமல் பாய்ந்தால்? 'பிரேக் பிடிக்கவில்லை' என்று தோன்றுகிற அந்தக் கணத்தில், இன்னும் அழுத்துவதற்கு முன் காலை முழுதும் தூக்கிவிட வேண்டும். கால் ஆக்சிலேட்டரில் இருந்திருந்தால் பாய்ச்சல் அங்கேயே தளரும், உடனே பிரேக்கைத் தேடி மிதிக்கலாம். உள்ளுணர்வுக்கு நேர் எதிரான செயல் இது. முன்கூட்டியே மனதில் சொல்லி வைக்காவிட்டால் அந்த இரண்டு விநாடியில் வராது.

மனிதக் காலை முழுதும் நம்ப முடியாது என்பதை வாகன விதிகளை வகுப்போரும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். ஜப்பானில் 2019 ஏப்ரலில், டோக்கியோவின் இகெபுகுரோ பகுதியில் 87 வயதுக்காரர் ஓட்டிய கார் ஒரு தாயையும் மூன்று வயது மகளையும் கொன்றது. அவரும் பிரேக்கைத்தான் மிதித்தேன் என்றே வாதிட்டார். பெடல் தவறியதே காரணம் என்று 2021இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகு ஜப்பான் இதில் முனைப்பாக இறங்கியது. ஐக்கிய நாடுகள் அவையின் வாகன விதிகளில் 175ஆவது விதி இப்போது இதற்காகவே வந்திருக்கிறது. நின்றிருக்கும் காருக்கு முன்னால் ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் அளவில் தடை இருக்க, ஆக்சிலேட்டர் திடீரென்று அடிவரை அழுத்தப்பட்டால், அதை நழுவலாகக் கணித்து எஞ்சினின் விசையைக் கார் தானே அடக்க வேண்டும். ஜப்பான் 2028 முதல் புதிய ஆட்டோமேட்டிக் கார்களில் இதைக் கட்டாயமாக்குகிறது. எதிரே அருகில் சுவரோ காரோ போன்ற தடை இருந்தால்தான் உணரிகள் அதைக் காணும். முதல் மாடியின் திறந்த விளிம்பையோ, தள்ளி நிற்கும் கூட்டத்தையோ இப்படிப்பட்ட அமைப்பு பிடிக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. உங்கள் காரில் இது உண்டா, எந்த வேகத்தில், எவ்வளவு தூரத்தில் வேலை செய்யும் என்பது காரோடு வந்த கையேட்டில் இருக்கும். எஞ்சினை ஓட்டத்தில் அணைக்க எந்தப் பட்டனை எத்தனை விநாடி பிடிக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும்.